பழைய மோட்டாரும் பன்னீர்ப் புட்டியும்

பழைய மோட்டார் வண்டி ஒன்றை விலை பேசப் போகும் கனவான் எவற்றையெல்லாம் பார்க்கிறார்? பானெட்டைத் தூக்கி இயந்திரத்தைப் பார்க்கிறார். டயரைக் காலால் ஒரு முறை உதைத்துப் பார்க்கிறார். ஏன் உதைக்கிறோம் என்பது அவருக்கும் தெரியாது, டயருக்கும் தெரியாது. ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுகிறார். கதவைத் திறந்து மூடி, அது எழுப்பும் ஓசையைக் கேட்டுத் தலையை ஆட்டுகிறார். கண், காது, கை, கால் ஆகிய எல்லா அங்கங்களுக்கும் வேலை கொடுக்கிறார். மூக்குக்கு மட்டும் அன்று விடுமுறை.

விற்பவர் இந்த இரகசியத்தை நன்றாக அறிவார். ஆகவே முன்கண்ணாடியின் அடியில் ஒரு வாசனைப் புட்டியைத் தொங்கவிட்டு, சீட்டுகளின் மேல் ஏதோ ஒரு திரவியத்தையும் தெளித்து வைத்திருக்கிறார். வாங்குபவரும், "அடடா, முன்பு வைத்திருந்தவர் எவ்வளவு நாகரிகமாக வைத்திருந்திருக்கிறார்!" என்று மகிழ்ந்து முன்பணம் கொடுத்துவிடுகிறார். பத்து நாட்களில் புட்டி காலியாகிறது. அதன் பிறகுதான் வண்டியின் உண்மையான வாசனை வெளிவருகிறது. குழந்தைகள் உமட்டுகிறது என்கின்றன. வீட்டு அம்மாள், "நான் பஸ்ஸிலேயே வருகிறேன்" என்கிறாள். ஐயா அவர்கள் கடைக்குச் சென்று முன்னதைவிடப் பெரிய புட்டி ஒன்று வாங்கி வருகிறார்.

இந்தப் பெரிய புட்டியைப் பற்றித்தான் இவ்வாரம் நாம் எழுத வந்தோம். அது வேண்டாம் என்பது நம் கட்சி.

நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் வாயிலில் நிற்கும் மோட்டார் பெரும்பாலும் புதியதன்று. அம்பாசிடர் வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. 1983 டிசம்பரில் பிறந்த மாருதி 800-உம் அதே 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் ஓய்வு பெற்றது. ஆலைகள் நிறுத்தினவே தவிர வண்டிகள் நிற்கவில்லை. தகப்பனார் வாங்கியதை மகனும், மகன் விற்றதை மற்றொருவரும் இன்றும் ஓட்டிக் கொண்டிருக்கிறார்கள். இருபது வயதான வண்டி என்பது பல குடும்பங்கள் குடியிருந்து காலி செய்த வீட்டைப் போன்றது. ஒவ்வொரு குடும்பமும் தன் அடையாளத்தை உள்ளே விட்டுச் சென்றிருக்கும். அந்த அடையாளங்களை வாசித்தறியும் கருவி மூக்கு ஒன்றேயாகும்.

தமிழருக்கு இவ்வித வாசிப்பு புதிதன்று. நம் மொழியில் "நாற்றம்" என்ற சொல்லே ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது. பிற்காலத்தில்தான் அது கெட்ட பெயர் எடுத்தது. கெட்ட பெயர் எடுத்த பின்னும், வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லாவற்றையும் "நாற்றம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதில்லை. சாம்பார் கெட்டால் ஊசல். நெய் கெட்டால் காறல். அடி பிடித்தால் காந்தல். முட்டையும் மீனும் பட்ட பாத்திரத்தில் கவிச்சு. எண்ணெய்த் தலை பட்ட தலையணையில் சிக்கு. மழைக்காலத்தில் சரியாக உலராத துணியில் புழுக்க வாடை. நனைந்து கிடந்த சாக்கில் மக்கல். செத்ததில் முடை. இவற்றில் ஒவ்வொரு சொல்லும் வாடையின் பெயர் மாத்திரமன்று. அது எங்கிருந்து வருகிறது என்ற விலாசமும் அதிலேயே அடங்கியிருக்கிறது. விலாசம் தெரிந்த பின் அங்கே போகாமல், தெருவெங்கும் பன்னீர் தெளித்துக் கொண்டிருப்பது என்ன விவேகம்?

ஆனால் சொந்த வண்டியை முகர்ந்து பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. எந்த வாடையானாலும் சில நிமிஷங்கள் அதில் இருந்துவிட்டால் மூக்கு அதை மறந்துவிடுகிறது. பூக்கடைக்காரருக்கு மல்லிகை தெரிவதில்லை என்பதற்கும், சாயப்பட்டறைக்காரருக்குச் சாயம் தெரிவதில்லை என்பதற்கும் இதுவே காரணம். ஆகையால் வண்டியைச் சோதிக்க விரும்புபவர் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அரை மணி நேரம் வெயிலில் நிறுத்தட்டும். சூட்டினால் பஞ்சிலும் கார்பெட்டிலும் ஒளிந்திருப்பவை ஆவியாகி மேலே எழும். பிறகு அந்த வண்டியில் தினமும் ஏறாத ஒருவரை அழைத்து, கதவைத் திறந்த மாத்திரத்தில் தலையை உள்ளே நீட்டச் சொல்லி, என்ன வாடை என்று கேட்கவேண்டும். வீட்டில் பாட்டி இருந்தால் வேறு நிபுணர் வேண்டுவதில்லை.

இது விளையாட்டுப் பேச்சன்று. காஞ்சீபுரத்தை அடுத்த செவிலிமேட்டில் நாம் கண்ட ஒரு விஷயத்தைச் சொல்லுகிறோம். வைஷ்ணவப் பெரியோர்களுக்கு அவ்வூரின் பெயரைக் கேட்டதும், ஸ்ரீ ராமானுஜர் நாள்தோறும் வரதராஜப் பெருமாளுக்குத் தீர்த்தம் எடுத்த சாலைக் கிணறு நினைவுக்கு வரும். மற்றவர்களுக்கு, வந்தவாசி செல்லும் சாலையில் பாலாற்றைக் கடக்கும் பாலம் நினைவுக்கு வரும். அவ்வூரில் பட்டு நெசவு செய்யும் நண்பர் ஒருவர் 2016-ஆம் வருஷத் தொடக்கத்தில் சென்னையில் பழைய கார் ஒன்று வாங்கினார். விலை மிகவும் சலீசாக இருந்தது. உள்ளே மல்லிகை வாசனை கமகமவென்று வீசிற்று. தறியிலிருந்து இறக்கிய புடவைகளைக் காந்தி ரோட்டிலுள்ள கடைகளுக்குக் கொண்டுபோவதற்கு வண்டி சௌகரியமாக இருக்குமென்று அவர் எண்ணினார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், கல்யாணத்துக்கென்று சொல்லி நெய்த இரண்டு புடவைகள் கடையிலிருந்து திரும்பி வந்தன. நெசவில் குற்றமில்லை, ஜரிகையில் குற்றமில்லை. பிரித்தால் வாடை அடிக்கிறது என்றார்கள். ஒரு புடவை என்பது ஒரு குடும்பம் முழுவதும் பல நாட்கள் தறியில் உட்கார்ந்த உழைப்பு. பட்டு, பருத்தியைப் போன்றதன்று. அது கம்பளியைப் போலப் பிராணியிலிருந்து வந்த நூல். தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தைக்கூடக் கையில் தெரியாமல் உறிஞ்சி வைத்துக் கொள்ளவல்லது. ஈரத்தோடு வாடையும் உள்ளே போகும். போனதை வெளியேற்ற நினைத்தபடி நனைத்து அலசவும் முடியாது.

நண்பர் முதலில் மல்லிகைப் புட்டி வாங்கினார். பிறகு சந்தனப் புட்டி வாங்கினார். அடுத்த மூட்டையில் பழைய வாடையும் சந்தனமும் கலந்து மூன்றாவதொரு வாடை உண்டாயிற்று. அதற்கு நம் மொழியில் பெயர் கிடையாது. நாம் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் கற்பிப்பவராதலால் ஏதேனும் மருந்து சொல்லும்படி கேட்க வந்தார். நாம் சென்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய தாயார் கைத்தாங்கலாக வந்து, வண்டிக்குள் தலையை நீட்டிவிட்டு ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னார்: "டேய், இது ஈர வாடை இல்லேடா. ஏரி வத்தினா அடிக்குமே, சேத்து வாடை. இந்த வண்டி தண்ணிக்குள்ளே கிடந்திருக்கு."

முன் சீட்டின் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துப் பார்த்தோம். எப்பொழுதும் வெளியே தெரிகிற பாகம் சுத்தமாயிருந்தது. உள்ளே சுருண்டு கிடந்த பாகத்தில் மண்ணின் நிறத்தில் ஒரு கோடு ஓடிற்று. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் அதன் குழியில் வண்டல். சீட்டுகளைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துரு. 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னையிலும் அன்றைய காஞ்சீபுரம் ஜில்லாவிலும் வந்த வெள்ளத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார்களில் ஒன்று துடைத்து, மெருகு போட்டு, வாசனை தெளித்து நம் நண்பரிடம் வந்து சேர்ந்திருக்கிறது! 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலிலும் சென்னையில் வண்டிகள் மூழ்கின. ஆகையால் இச்சோதனை இன்றும் பயன்படும். பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்க்காமல் பழைய வண்டிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

சேற்று வாடையைப் பற்றிச் சுவாரஸ்யமான விஷயம் ஒன்றுண்டு. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஜியோஸ்மின் என்ற ஒரு பொருளை உண்டாக்குகின்றன. கோடை முடிந்து முதல் மழை விழும்போது எழும் மண் வாசனையில் அது பெரும் பங்கு வகிக்கிறது. வட நாட்டில் கன்னோஜ் என்னும் ஊரில் சுட்ட மண்ணைக் காய்ச்சி வடித்து அந்த வாசனையை அத்தராகவே விற்கிறார்கள். மனித மூக்கு அப்பொருளை நம்பவொண்ணாத சிறு அளவிலும் கண்டுபிடித்துவிடும். வயல் வெளியில் அது நமக்கு ஆனந்தம். அடைத்த வண்டிக்குள் பூஞ்சையோடு சேர்ந்து வந்தால் அதுவே தலைவலி. பொருள் ஒன்றுதான், இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமற் போனதுதான் குற்றம்.

நிற்க. வெள்ளத்தில் மூழ்காத வண்டிகளிலும் மக்கல் வாடை வருவதுண்டு. அதற்குப் பரிகாரம் வாசனையன்று, வறட்சி. நீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று முதலில் பார்க்கவேண்டும். முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் இருக்கும் பள்ளத்தில் மழைநீர் வடிவதற்குத் துவாரங்கள் உண்டு. வேப்பமரத்தடியிலும் புளியமரத்தடியிலும் நிறுத்தும் வண்டிகளில் சருகு விழுந்து அவை அடைபட்டுப் போகும். நீர் வடிய வழியின்றி உள்ளே இறங்கும். கதவுகளின் அடி விளிம்பிலும் அத்தகைய சிறு துவாரங்கள் இருக்கின்றன. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். ஏ.சி. உள்ள வண்டியில் மற்றொரு வழியும் உண்டு. ஏ.சி. ஓடும்போது குளிர்ந்த காயிலின் மேல் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படிகிறது. அந்நீர் ஒரு சிறு குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டவேண்டும். புழுக்கமான நாளில் கால் மணி நேரம் ஏ.சி. ஓட்டியும் அடியில் சொட்டு விழவில்லையானால், குழாய் அடைத்துக் கொண்டது என்று அறியலாம். அந்த நீர் முன் சீட்டின் காலடிக்குள் கசிந்து கார்பெட்டை ஊறவைத்துக் கொண்டிருக்கும்.

வழியை அடைத்த பின் உலர்த்த வேண்டும். மேலே போட்ட மேட்டை வெயிலில் காயவைப்பது போதாது. கார்பெட்டுக்கு அடியில் சணலோ பஞ்சோ வைத்துத் தைத்த மெத்தை ஒன்று இருக்கிறது. ஈரம் குடியிருப்பது அங்கேதான். சீட்டுகளைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, அடி மெத்தையை வெளியே எடுத்து இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வைக்கவேண்டும். மக்கிப் போயிருந்தால் எறிந்துவிட்டுப் புதிது போடுவதே சிக்கனம். சற்றுப் புதிய வண்டிகளில் ஏர்பேக் இருக்குமாதலால், சீட்டின் அடியில் மின்கம்பிகள் ஓடும். அத்தகைய வண்டியில் சீட்டைக் கழற்றும் வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிடுவது உத்தமம். நம் செவிலிமேட்டு நண்பர் வண்டியை இவ்விதம் எலும்புக்கூடாக்கி வாயிலில் நான்கு நாள் நிறுத்தினார். அடி மெத்தை முழுவதும் மாற்றினார். சீட்டின் பஞ்சையும் மாற்றினார். செலவு சில புட்டிகளின் விலையைவிட அதிகந்தான். இரண்டு புடவைகளின் விலையைவிடக் குறைவு. இப்பொழுது புடவை மூட்டையை அவர் துணிந்து வண்டியில் வைக்கிறார். ஆயினும் மின்கம்பிகளில் நீர் பட்ட வண்டியாதலால் இரவுப் பிரயாணத்துக்கு அதை எடுப்பதில்லை.

ஏ.சி.யைப் போட்ட மாத்திரத்தில் மட்டும் வாடை வந்து, பிறகு குறைந்தால், குற்றம் காயிலில் இருக்கிறது. ஈரக் காயிலில் தூசி படிந்து, அதில் நுண்ணுயிர்கள் வளர்கின்றன. பெரும்பாலான வண்டிகளில் டாஷ்போர்டுப் பெட்டியின் பின்னால் காற்றை வடிகட்டும் பில்டர் ஒன்று இருக்கும். அதை வருஷத்துக்கு ஒரு முறையாவது மாற்றவேண்டும். மிகப் பழைய வண்டிகளில் அது கிடையாது. அவற்றின் காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்வதே வழி. இது மறுபடி வராமலிருக்கக் காசு செலவில்லாத ஒரு பழக்கம் உண்டு. வீடு வந்து சேர மூன்று நான்கு நிமிஷம் இருக்கும்போது ஏ.சி.யை நிறுத்திவிட்டு, விசிறியை மட்டும் ஓடவிட்டு, வெளிக்காற்றை உள்ளே வரும்படி செய்யவேண்டும். காயில் உலர்ந்துவிடும். உலர்ந்த இடத்தில் பூஞ்சைக்கு வேலையில்லை.

இனி உணவுப் பண்டங்களுக்கு வருவோம். தமிழ்க் குடும்பம் பிரயாணம் புறப்பட்டால் புளியோதரையும் தயிர்சாதமும் கூடவே புறப்படும். காஞ்சீபுரம் வந்து திரும்புபவர்கள் மிளகும் சுக்கும் நெய்யும் மணக்கும் கோயில் இட்லியை வாங்கி வராமல் இருப்பதில்லை. பிரயாணத்தின்போது அது மணம்; சீட்டின் இடுக்கில் விழுந்து ஒரு வாரம் கிடந்தால் நெய் காறிவிடும். காறலுக்குத் தண்ணீர் பயன்படாது. கொழுப்பைக் கரைக்கச் சோப்பு நீர் வேண்டும். பாலும் தயிரும் கொட்டினால் நேர்மாறு. உடனே குளிர்ந்த நீரால் ஒற்றி ஒற்றி எடுக்கவேண்டும். சுடுநீர் விட்டால் பாலிலுள்ள புரதம் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். தேய்த்தாலோ, மேலே கிடந்தது பஞ்சுக்குள் இறங்கும்.

குழந்தை வாந்தி எடுத்தால் அதில் புளிப்பு மிகுதி. துடைத்து எடுத்த பின், சமையல் சோடா உப்பைத் தூவி இரவு முழுவதும் விட்டு, காலையில் உறிஞ்சு கருவியால் எடுத்துவிடவேண்டும். சோடா புளிப்பை அடக்கும். சிறுநீர் வாடைக்குச் சோடா உதவாது; நாட்பட்ட சிறுநீரில் எழுவது கார வாடை. அதற்குப் புளிப்பே மருந்து. வினிகர் ஒரு பங்கும் நீர் இரண்டு பங்கும் கலந்து துணியில் நனைத்து ஒற்றலாம். சிகரெட்டுப் புகையின் பிசினையும் இதே நீரால் துடைக்கலாம். கூரைத் துணியையும் கண்ணாடியின் உட்புறத்தையும் மறந்துவிடக் கூடாது, புகை முதலில் படிவது அங்கேதான். சிலர் இரண்டும் நல்ல மருந்தென்று கேள்விப்பட்டு, சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். நுரை பார்க்க அழகாயிருக்கும். ஆனால் புளிப்பும் காரமும் ஒன்றையொன்று கொன்றுவிட்டுத் தாமும் மடிந்துபோகும். வாடை மாத்திரம் உயிரோடிருக்கும்.

முடை நாற்றம் வந்தால் சந்தேகமே வேண்டாம், எலி. வயலோரத்து ஊர்களில் அறுவடை முடிந்ததும் எலிகள் வீட்டையும் வண்டியையும் தேடி வருகின்றன. டாஷ்போர்டுக்குள் காற்றுக் குழாய்க்கு அருகில் கூடு கட்டுவது அவற்றுக்கு மிகவும் பிடித்தமானது. இங்கே ஒரு வார்த்தை: வண்டிக்குள் எலி மருந்து வைக்காதீர்கள். மருந்து தின்ற எலி உங்கள் கைக்கு எட்டாத குழாயில் போய்த்தான் சாகும். பிறகு டாஷ்போர்டையே கழற்ற நேரிடும். பொறி வைப்பதே மேல். எலி இருந்த இடத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கவும் கூடாது. அதன் சிறுநீரால் எலிக் காய்ச்சல் வரும். உலர்ந்த எச்சத்தின் தூசியும் மூச்சுக்கு ஆகாது. கையுறை அணிந்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுத் திரவத்தைப் பத்துப் பங்கு நீரில் கலந்து அவ்விடத்தை நனைத்து, சற்று நேரம் பொறுத்துத் துடைத்தெடுக்க வேண்டும். அதோடு மின்கம்பிகளை எலி கடித்திருக்கிறதா என்றும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லவேண்டும்.

இதுவரை சொன்ன வாடைகள் அருவருப்பைத் தருபவை. இனிச் சொல்லப்போகிறவை உயிரோடு விளையாடுபவை. பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. பழைய வண்டிகளில் எண்ணெய் செல்லும் ரப்பர்க் குழாய் வயதினால் வெடிப்பு விடும். இந்நாளில் பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது; அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் அதனால் மேலும் நலிவடையக்கூடும். சில ரூபாய்க் குழாயை மாற்றுவதற்குச் சோம்பினால் வண்டியே எரிந்து போகலாம். சர்க்கரைப் பாகு போன்ற இனிப்பு வாடை வந்தால், ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட் எங்கோ கசிகிறது, அது விஷம். அழுகிய முட்டை வாடை வந்தால் பாட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் ஆகிறதா என்று பார்க்கவேண்டும். அந்த வாயு வெள்ளியையும் கறுக்கச் செய்யும், ஆகையால் ஜரிகைக்கும் பகை. ரப்பரோ ஒயரோ காந்தும் வாடை வந்தால் உடனே ஓரமாக நிறுத்தி எல்லாரும் இறங்கிவிட வேண்டும். இஞ்சின் புகையின் வாடை உள்ளே வந்தால், சைலன்சரில் ஓட்டையோ, டிக்கியின் ரப்பரில் பிளவோ, தரையில் துருத் துவாரமோ இருக்கிறது. அப்புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சுவாயு கலந்திருக்கிறது. அந்த வாயுவுக்கு வாடையே கிடையாது. நிறுத்திய வண்டியில் இஞ்சினையும் ஏ.சி.யையும் ஓடவிட்டு உறங்கியவர்கள் பலர் மீண்டும் எழுந்திராததற்கு அதுவே காரணம். மூக்குக்கு எட்டாத எதிரி அது. அதன் கூட்டாளியான புகை வாடைதான் நமக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை மல்லிகைப் புட்டியால் மூடலாமா?

வாடை என்பது எவ்வளவு பெரிய உபகாரி என்பதை உலகம் ஒரு கொடிய பாடத்தால் கற்றுக்கொண்டது. அமெரிக்காவில் டெக்ஸஸ் மாகாணத்தில் நியூ லண்டன் என்ற சிற்றூரில், 1937-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி, ஒரு பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் எரிவாயு கசிந்து நிறைந்திருந்தது. அவ்வாயுவுக்கு இயற்கையில் வாடை இல்லை. ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு மின்சாரக் கருவியின் பொறி பட்டு வெடித்ததில் ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் மாணவர்கள், மாண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தில் தினமும் குழந்தைகளின் முகத்தைப் பார்ப்பவர் எவரும் அச்செய்தியை எளிதில் கடந்து போக இயலாது. அதன் பின்னரே எரிவாயுவில் வேண்டுமென்றே கெட்ட வாடையைக் கலக்கவேண்டும் என்று அம்மாகாணத்தில் சட்டம் செய்தார்கள். மற்ற இடங்களிலும் அவ்வழக்கம் பரவிற்று. இன்று நம் சமையலறைச் சிலிண்டரில் வீசும் வாடையும் அவ்விதம் சேர்க்கப்பட்டதே. நல்ல மணத்தைச் சேர்த்திருந்தால் நாம் முகர்ந்து ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கெட்ட வாடையாதலால்தான் எழுந்து ஓடுகிறோம்.

செய்யத் தகாதவை சிலவற்றையும் சொல்லிவிடுகிறோம். அந்துருண்டையை வண்டிக்குள் போடாதீர்கள். வெயிலில் அடைத்த வண்டிக்குள் அது ஆவியாகி நிறைந்திருக்கும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உள்ள ஒரு குறையினால் அந்த ஆவி இரத்தத்தின் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். கற்பூரம் சுலபமாகத் தீப்பற்றும். ஊதுவத்தியும் சாம்பிராணியும் பூஜை அறைக்கு உரியவை. அவற்றின் புகை கூரைத் துணியில் பிசுக்காகப் படிந்து, சில நாளில் தானே ஒரு வாடையாகிவிடும். பிளீச்சிங் பவுடரோடு வினிகரையாவது வேறு எந்தப் புளிப்பையாவது சேர்ப்பது பெரும் அபாயம். அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும், அடைத்த இடத்தில் அது நுரையீரலைப் பொசுக்கிவிடும். வாடையின் மூலத்தை நீக்கிய பிறகு, மிச்சமுள்ளதை வாங்கிக்கொள்ள ஒரு துணிப்பையில் கரித்தூள் கட்டி வைக்கலாம். கடையில் விற்கும் ஊக்கிய கரியானால் விசேஷம். அதற்கும் மேல் ஆசையிருந்தால் ஒரு பிடி வெட்டிவேர் வைத்துக்கொள்ளுங்கள். அது நம் நாட்டுச் சரக்கு, விலையும் குறைவு. ஆனால் சுத்தமான வண்டியில் வைத்தால்தான் அது மணம். அழுக்கு வண்டியில் வைத்தால் பொய்ச் சாட்சி.

பொய்ச் சாட்சி சொல்லும் வழக்கம் மோட்டாரோடு நின்றுவிடவில்லை என்பதையும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. காஞ்சியின் ஓரமாக ஓடும் வேகவதியில் சாக்கடை கலக்கிறது. அதன் பாலத்தைக் கடக்கும்போது நாம் கண்ணாடியை ஏற்றிக் கொள்ளுகிறோம். ஆற்றுக்கு நாம் செய்யும் சேவை அவ்வளவுதான். நாட்டில் பல காரியங்கள் இப்படித்தான் நடக்கின்றன. துர்நாற்றம் எழுந்தால் அது எங்கிருந்து எழுகிறது என்று கேட்பவர் சிலர். பன்னீர் எங்கே என்று கேட்பவர் பலர். ஊரைத் திருத்துவது ஒரு நாளில் ஆகக்கூடியதன்று. வண்டியைத் திருத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நல்ல வெயிலும் போதும். மூலத்தைத் தேடும் பழக்கத்தை அங்கேயே தொடங்கலாம்.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்பே, வைப்பர்ப் பள்ளத்துச் சருகை அள்ளிவிடுங்கள். மேட்டுகளைத் தூக்கி அடியில் கையை வைத்துப் பாருங்கள். கை ஈரமானால், கடைக்குப் போகவேண்டாம், ஸ்பானரை எடுங்கள்.